செஸ்னா 172: 9 வருடம் வெயிலில் நின்ற பெயிண்ட்

கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பயிற்சித் தளத்தில் இந்த செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தை 9 வருடமாகப் பராமரித்து வருகிறேன். நான் சேர்ந்த வருடம்தான் முழுசாகப் பெயிண்ட் அடித்தார்கள்: பச்சை எபாக்ஸி பிரைமர், அதன்மேல் வெள்ளைப் பாலியூரித்தேன் மேல்பூச்சு. ஹேங்கரில் இடம் இல்லை, பகலெல்லாம் வெயிலில்தான் நிற்கும்.

முதல் 4 வருடம் ஒரு குறையும் இல்லை. 5-வது வருடம் இறக்கையின் மேல்பக்கத்தைத் துடைத்தால் துணியில் வெள்ளைப் பொடி ஒட்டியது. புற ஊதாக் கதிர், பெயிண்டில் நிறமியைப் பிடித்து வைத்திருக்கும் பிசினைச் சிதைக்கச் சிதைக்க நிறமி தூளாக உதிர்கிறது. அடிப்பக்கம் இன்றும் பளபளக்கிறது, அதுவும் அன்று அடித்த அதே பெயிண்ட்தான்.

பொடியைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். விரிசலை அப்படி விட முடியாது. தகட்டின் நடுவில் எனக்கு ஒரு விரிசல்கூட வரவில்லை. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலையைச் சுற்றி, தகடுகள் சேரும் ஓரத்தில், எஞ்சின் மூடியின் திருகுகளில்தான் வந்தது. பயிற்சி விமானம் தரையைத் தொட்டுத் தொட்டு ஏறுவது. ஒவ்வொரு தடவையும் அந்த இடங்கள் மயிரிழை அளவுக்கு அசையும். புதுப் பெயிண்ட் கூடவே வளைந்து கொடுக்கும். வெயிலில் இறுகியது வெடித்துவிடும்.

7-வது வருடம், மழைக்காலம் முடிந்த சமயம். கதவுக்குக் கீழே ஒரு ரிவெட்டிலிருந்து, பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல மெல்லிய மேடு. சுரண்டினால் வெள்ளைத் தூள். இழை அரிப்பு. உப்பு ஈரம் விரிசல் வழியாக இறங்கி அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. அந்த விரிசலை முந்தின சர்வீஸிலேயே பார்த்தேன், அடுத்த தடவை செய்யலாம் என்று விட்டுவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.

ஒன்று கவனித்தேன். மேல்பூச்சு வெடித்தும் பச்சை பிரைமர் முழுசாக இருந்த இடங்களில் அரிப்பே இல்லை. வெறும் உலோகம் தெரிந்த இடத்தில்தான் பிடித்தது. இப்போது வாராவாரம் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், லென்ஸ் வைத்து ரிவெட் வரிசைகளைப் பார்க்கிறேன், உலோகம் தெரிந்தால் அன்றே பிரைமர் தொட்டுவிடுகிறேன்.

விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் கீலில் அசையும் பலகைகளான எலிவேட்டர், எய்லரான், ரடர் மூன்றிலும் பழைய பெயிண்டின் மேலேயே அடிக்க விடாதீர்கள். கீலுக்குப் பின்னால் எடை கூடினால் பறக்கும்போது அதிர ஆரம்பிக்கலாம். பெயிண்ட் அடித்ததும் பேலன்ஸ் பார்த்தே ஆகவேண்டும்.

பெயிண்டைக் குறை சொல்ல மாட்டேன், அதையே மறுபடியும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை உலோகம் வரை உரித்து, அலோடின் (அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் ரசாயனப் பூச்சு) போட்டுத் தகடு பொன்னிறமானதும் என்னைக் கூப்பிட வேண்டும், நான் பார்த்த பிறகுதான் பிரைமர்.