கட்டுகிற பணம், ஓட்டுகிற பணம்: நகரப் போக்குவரத்து நிதி முறைகள், நீண்டகாலப் பயன்பாட்டில்

நகரம் வளர வளர ஒரே வாதம் திரும்பத் திரும்ப வரும். மெட்ரோ வேண்டுமா, பஸ் போதுமா, மேம்பாலம் கட்டலாமா, பணத்துக்கு எங்கே போவது? வரைபடத்தில் புதிதாக ஒரு கோடு விழும், திறப்பு விழா ஆண்டும் அறிவிக்கப்படும். பேச்செல்லாம் கட்டுமானச் செலவைச் சுற்றியே ஓடும். திறந்து ஐந்து வருடம் கழித்து அந்தக் கோட்டில் வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், சம்பளமும் மின்சாரமும் உதிரிபாகமும் யார் பொறுப்பு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பயணிக்கோ அது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். பல நகரங்கள் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை பயன்படுத்திப் பார்த்த நிதி முறைகளை, நிறுத்தத்தில் நிற்பவரின் பக்கம் நின்று இங்கே மதிப்பிடுகிறோம்.

அதற்கு முன் ஒரு வழித்தடத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மற்ற வாதங்களை எல்லாம் உரசிப் பார்க்க இதுதான் உரைகல்.

தடத்தின் நீளம் 14 கிலோமீட்டர். நிறுத்தம், சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு 14 கி.மீ. ஒரு நடைக்கு 60 நிமிடம், போய் வர 120. ஓட்டுநரின் ஓய்வுக்கும் தாமதத்தைச் சரிக்கட்டவும் இரு முனைகளிலும் சேர்த்து 10 சதவீதம் வைத்தால் முழுச் சுற்று 132 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் 13.2, அதாவது 14 பஸ். 13-லேயே முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் முதலில் வெட்டுப்படுவது முனைய ஓய்வுதான். அது குறைந்தால் காலையில் விழுந்த தாமதம் மாலை வரை ஒட்டிக்கொண்டே வரும். பழுது, பராமரிப்புக்கு 10 முதல் 15 சதவீதம் ஸ்பேர் வேண்டும். ஆக டிப்போவில் 16 பஸ் இருக்க வேண்டும்.

இனி ஆட்கள். 14 பஸ்ஸும் நாளுக்கு இரண்டு ஷிப்ட் ஓடினால் வாரத்துக்கு 196 ஷிப்ட். ஒரு ஓட்டுநர் வாரம் ஆறு ஷிப்ட் பார்த்தால் 33 பேர். விடுப்பு, நோய், பயிற்சி சேர்த்தால் 37 பேராவது இல்லாமல் அட்டவணை நிற்காது. பஸ் வாங்க மானியம் கிடைத்து, ஆள் எடுக்கப் பணம் இல்லாத இடங்களில் புது பஸ்கள் டிப்போவில் தூசி படிந்து நிற்பது இதனால்தான்.

இப்போது நெரிசல் கூடி வேகம் 12 கி.மீ. ஆகிறது என்று வையுங்கள். சுற்று 154 நிமிடம் ஆகிவிடும், அதே பத்து நிமிட இடைவெளிக்கு 16 பஸ் தேவைப்படும். கூடுதலாக இரண்டு பஸ், அவற்றுக்கு ஐந்தாறு ஓட்டுநர்கள். பயணிக்கு இதனால் இம்மியளவும் லாபம் இல்லை, டிக்கெட் வருமானமும் ஏறாது. மாறாக, பஸ்ஸுக்குத் தனித்தடம் ஒதுக்கி வேகத்தை 18 ஆக்கினால் சுற்று 103 நிமிடத்துக்கு இறங்கும், 11 பஸ் போதும். பழைய 14 பஸ்ஸையும் வைத்துக்கொண்டால் ஏழரை நிமிடத்துக்கு ஒன்று விடலாம். சாலையில் ஒரு தடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதும் பட்ஜெட் முடிவுதான். கார் நிறுத்த இடம் விடுவதற்காகப் பஸ் தடத்தை மறுக்கும் நகரம், அதற்கான விலையை ஒவ்வொரு ஆண்டும் சம்பளப் பட்டியலில் கொடுக்கிறது.

இடைவெளி சீராக இருப்பதும் காசுதான். மணிக்கு ஆறு பஸ் சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். அதே ஆறு பஸ்ஸும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் காத்திருப்பு 8.2 நிமிடம். பெரும்பாலானவர்கள் நீண்ட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். அதோடு, 18 நிமிடம் கழித்து வரும் பஸ் நெரிந்து வழியும், பின்னால் வருவது காலியாக ஓடும். இதைக் கவனித்துச் சரிசெய்யும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களைச் சிக்கனம் என்று குறைப்பதைப் போன்ற தவறான சிக்கனம் வேறில்லை.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? நீண்டகாலம் உழைத்த முறைகளில் எங்கள் முதல் மதிப்பெண் பிரான்சின் போக்குவரத்துப் பங்களிப்புக்கு. 1971-ல் பாரிஸ் வட்டாரத்தில் தொடங்கி, 1973 முதல் மற்ற நகரங்களுக்கும் பரவியது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்கள் மொத்தச் சம்பளத் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கைச் செலுத்துகின்றன. ஊழியர்கள் வேலைக்கு வந்து சேர்வதில் லாபம் அடைபவர் முதலாளி, அவரும் பங்கு கொடுக்கட்டும் என்பது அதன் நியாயம். இதன் பெரிய பலம், வசூலை வண்டி ஓட்டவும் செலவிடலாம் என்பது. வேலைவாய்ப்பு சரிந்தால் வசூலும் சரியும் என்பது குறை. பயணிகளும் குறையும் அதே நேரத்தில் இந்த அடியும் விழும். கையிருப்பு நிதி இல்லாமல் இதை மட்டும் நம்பக் கூடாது.

நெரிசல் கட்டணம் என்பது நகர மையத்துக்குள் வரும் வாகனங்களிடம் வாங்கும் கட்டணம். அதில் பெரிய பாடம் வரிசைமுறை. லண்டன் 2003 பிப்ரவரியில் நாளுக்கு 5 பவுண்டு என்று தொடங்கியபோது கூடுதல் பஸ்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. நிகர வருவாயை முதல் பத்து ஆண்டுகள் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஸ்டாக்ஹோம் 2005-லேயே பஸ் சேவையைக் கூட்டிவிட்டு, 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணத்தைச் சோதித்தது. கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் போக்குவரத்து மறுபடி ஏறியதை மக்கள் நேரிலேயே பார்த்தார்கள். அதன்பின் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பாதிக்கு மேல் ஆதரித்தனர், 2007-ல் கட்டணம் நிரந்தரமானது. முதலில் கட்டணம், பிறகு பஸ் என்று வாக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்ப்பதில் தவறே இல்லை.

நில மதிப்பிலிருந்து எடுப்பது கேட்க மிக இனிமையாக இருக்கும். ஹாங்காங்கில் ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பில் ரயில் நிறுவனத்துக்குக் கட்டட உரிமை கிடைக்கிறது, ரயில் வந்தபின் ஏறும் மதிப்பில் அது பங்கு பெறுகிறது. ஆனால் அங்கே நிலம் பெரும்பாலும் அரசுக் குத்தகை, நிலையத்தைச் சுற்றி நெருக்கமாக வானுயரக் கட்டவும் அனுமதி உண்டு. இந்த இரண்டும் இல்லாத நகரம் பெயரை மட்டும் இரவல் வாங்கினால் பலன் வராது. தனியார் நிலம் அதிகமுள்ள இடத்துக்கு லண்டன் வழிதான் பொருந்தும். நகரைக் குறுக்கே கடக்கும் கிராஸ்ரெயில் ரயில் தடத்துக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் வரி மதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதலாக வசூலித்தார்கள். எங்கே செய்தாலும் அடிப்படைத் தேதி முக்கியம். அறிவிப்பு வந்த அன்றே நிலத்தின் விலை ஏறிவிடும். பழைய மதிப்பை அறிவிப்புக்கு முந்தைய தேதியில் பதிவுசெய்யாவிட்டால், ஏற்றத்தை முன்கூட்டி வாங்கிப் போட்டவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

விற்பனை வரியின் நிறை, குறை இரண்டையும் லாஸ் ஏஞ்சல்ஸில் பார்க்கலாம். 1980-ல் வாக்காளர்கள் டாலருக்கு அரை சென்ட் வரியை ஏற்றார்கள். அதில் ஒரு பகுதியைக் கொண்டு 1982 முதல் மூன்று ஆண்டுகள் பஸ் கட்டணம் 50 சென்ட்டாக இறக்கப்பட, பயணிகள் மளமளவென்று கூடினார்கள். 1985-ல் அந்தப் பணம் ரயில் பக்கம் திரும்பியது. கட்டணம் ஏறியது, பஸ் பயணிகள் குறைந்தார்கள். பஸ் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டு, 1996-ல் பஸ்களில் நெரிசலைக் குறைப்பதற்கான நீதிமன்ற உடன்பாடு வரும்வரை இழுபறி நீடித்தது. வரியே கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஓட்டுவதற்கு இத்தனை பங்கு என்று பூட்டுப் போடாத வரியை அடுத்து வரும் கட்டுமானம் விழுங்கிவிடும். நம்பிக்கையும் வேண்டும்: கனடாவின் வான்கூவரில் 2015-ல் இதே போன்ற அரை சதவீத வரியை வாக்களித்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் நிராகரித்தார்கள்.

நிலையான நிதியே இல்லாதவர்களின் நிலை இன்னும் வருத்தமானது. வாஷிங்டன் மெட்ரோ 1976-ல் திறந்தது. தனக்கென்று நிலையான வரி எதுவும் இல்லாமல் ஆண்டுதோறும் அரசுகளிடம் கையேந்தி ஓடியது. தள்ளிப்போட்ட பராமரிப்பெல்லாம் சேர்ந்து, 2016-17-ல் ஏறக்குறைய ஓராண்டு பகுதி பகுதியாகத் தடங்களை மூடிப் பழுதுபார்க்க வேண்டி வந்தது. 2018-ல் ஆண்டுக்கு 50 கோடி டாலர் நிலையான நிதி ஒப்புக்கொள்ளப்பட்டது. அதுவும் கட்டுவது, வாங்குவது, புதுப்பிப்பது போன்ற மூலதனப் பணிக்குத்தான், ஓட்டும் செலவுக்கு உதவாது.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் திட்ட அறிக்கையின் படங்களை விட்டுவிட்டு அட்டவணைகளைப் பாருங்கள். முதலில் பயணிகள் கணிப்பு. பெரிய கட்டுமானத் திட்டங்களை ஆராயும் டேனிஷ் ஆய்வாளர் பென்ட் ஃப்ளிவ்பியர்க் குழுவின் 2002 ஆய்வில் ரயில் திட்டங்களின் செலவு சராசரியாக 45 சதவீதம் கூடியிருந்தது. 2005 ஆய்வில் பயணிகள் எண்ணிக்கை கணிப்பில் பாதி அளவுக்கே வந்திருந்தது. ஆகவே பயணிகள் பாதியானால் ஆண்டுப் பற்றாக்குறை எவ்வளவு என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடுத்து இணைப்பு பஸ்: நிலையத்துக்கு வரும் பஸ்களின் செலவு திட்டத்துக்குள் இருக்கிறதா, இல்லை வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கிறார்களா? பிறகு மாற்றுச் செலவு. ரயில் பெட்டி முப்பது ஆண்டு ஓடும். ஆனால் பாதி வழியில் பெரிய பழுதுபார்ப்பு வரும், சிக்னலுக்கும் எஸ்கலேட்டருக்கும் ஆயுள் இன்னும் குறைவு. பதினைந்தாம் ஆண்டுக் கட்டத்தில் இவற்றுக்கு எதிரே பூஜ்யம் இருந்தால் அந்த அறிக்கை முழுமையானது அல்ல.

கடைசியாக, ஆண்டுக்கு எத்தனை வண்டி-மணி நேரம் சேவை, அதாவது எல்லா வண்டிகளும் ஓடும் மணி நேரங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு என்ற எண்ணைத் தேடுங்கள். "உலகத் தரம்" என்று அச்சிட்ட பக்கத்தில் அது இருக்காது, இணைப்பில் எங்காவது இருக்கும். காலை உச்ச நேரம், நண்பகல், இரவு பத்து மணிக்குப் பின், ஞாயிற்றுக்கிழமை என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டப்படுவது இரவும் ஞாயிறும்தான். அந்த நேரத்தில் நிறுத்தத்தில் நிற்பவர்கள் மருத்துவமனை ஊழியர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள். இவர்களில் யாரும் பகல் பதினொரு மணிக் கருத்துக்கேட்புக்கு வர முடியாது. அதனால் அந்த இரண்டு வரிசைகளின் எண்களை, வந்திருக்கும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.