தொடக்கநிலை எஸ்க்யூஎல் பாடம்: எந்த விதிமுறை மாணவருக்குக் கைகொடுக்கும்?

டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லைக் கல்லூரிகளில் முதன்முதலாகக் கற்றுத்தரும் பாடங்களின் சிலபஸை எடுத்தால், முதல் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செலக்ட் (டேபிளிலிருந்து எடுப்பது), ஜாயின் (டேபிள்களை இணைப்பது), க்ரூப் பை (குழுவாகப் பிரித்துக் கணக்கிடுவது), சப்க்யூரி (க்யூரி எனப்படும் கேள்விக்குள் இன்னொரு கேள்வி), கடைசியில் கொஞ்சம் டேபிள் வடிவமைப்பு. வேறுபாடு இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறது. அசைன்மென்டைத் திருத்துவது யார், எந்த டேட்டாபேஸ் மென்பொருள், தேர்வு தாளிலா கணினியிலா, டெட்லைன் தவறினால் என்ன ஆகும், நண்பரிடமோ ஏஐயிடமோ உதவி கேட்கலாமா? ஆசிரியர்கள் பலர் இவற்றை நிர்வாகச் சங்கதி என்று நினைத்துப் போன வருட சிலபஸிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். மாணவர்களும் மார்க் பங்கீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். மாணவர் எந்தப் பழக்கத்தோடு வெளியே போகிறார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த இரண்டாம் பக்கம்தான்.

அதற்குக் காரணம் எஸ்க்யூஎல்லின் ஒரு குணம். மற்ற மொழிகளில் தொடக்க மாணவர் செய்யும் பிழைகள் பல, புரோகிராமையே நிறுத்திவிடும். இங்கே தவறான க்யூரியும் தங்குதடையின்றி ஓடி ஒழுங்கான ஒரு டேபிளைத் தந்துவிடும். அதில் வரிசைகள் இருக்கும், எண்கள் இருக்கும். தவறு என்று காட்ட ஓர் அடையாளமும் இருக்காது. ஆகவே எதிரெதிர் விதிகளை ஒப்பிடும்போது நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: கைக்கு வந்த விடையைச் சந்தேகித்துப் பார்க்க இந்த விதி மாணவரைப் பழக்குகிறதா?

திருத்துவது இயந்திரமா, ஆளா?

தானியங்கி முறையில், மாணவர் ஏற்றிய க்யூரியை ஒரு மாதிரி டேட்டாவில் ஓட்டி, வரும் விடையை ஆசிரியரின் விடையோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் மார்க். முடிவு உடனே தெரியும், எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம், வகுப்பு பெரிதானாலும் தாங்கும். ஆள் திருத்தினால் முடிவு வர நாளாகும். ஆனால் க்யூரி எப்படி யோசித்து எழுதப்பட்டது என்பதை ஒருவர் படிப்பார்.

இந்த இரண்டில் எது மேல் என்ற விவாதம் முக்கியமான இடத்தைத் தவறவிடுகிறது. ஒரு சாதாரணக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: எந்தப் பாடத்திலும் சேராத மாணவர்கள் யார்? 'மாணவர்', 'சேர்க்கை' என்று இரண்டு டேபிள்கள். பலரும் எழுதும் முதல் க்யூரி, சேர்க்கை டேபிளில் உள்ள மாணவர் எண்களைச் சப்க்யூரியில் எடுத்து 'நாட் இன்' (இவற்றில் இல்லாதவை) போடுவதுதான். மாதிரி டேட்டாவில் மிகச் சரியாக வரும். ஆனால் சேர்க்கை டேபிளில் ஒரே ஒரு வரிசையில் மாணவர் எண் 'நல்' என்று இருந்துவிட்டால் விடை முழுக்கக் காலி. 'நல்' என்றால் தெரியாத மதிப்பு. மாணவர் எண் 17 அந்தத் தெரியாத மதிப்புக்குச் சமமில்லை என்று டேட்டாபேஸால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒப்பீட்டின் முடிவு 'தெரியாது' என்று ஆகிவிடும். வரிசைகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதி 'உண்மை' என்று வருவதை மட்டுமே உள்ளே விடும் என்பதால், சேராத மாணவர் ஒருவர்கூடப் பட்டியலில் வரமாட்டார். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (இப்படி ஒரு வரிசை இல்லை) என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

மாணவர் கண்ணுக்குத் தெரியும் டேட்டாவிலேயே திருத்தினால் முதல் க்யூரிக்கு முழு மார்க். மறைத்துவைத்த இன்னொரு டேட்டாவில், அதிலும் 'நல்' மதிப்பு, ஒரே பெயரில் இருவர், சேர்க்கையே இல்லாத மாணவர் என்று வேண்டுமென்றே புகுத்திய டேட்டாவில் ஓட்டினால் பிழை மாட்டிக்கொள்ளும். திருத்துவது யார் என்பதைவிட எந்த டேட்டாவை வைத்துத் திருத்துகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். கண்ணுக்குத் தெரியும் டேட்டாவும் கணக்கற்ற முயற்சிகளும் சேர்ந்த விதி உண்மையிலேயே கெடுதல் செய்யும். விடையில் 42 வரிசை வரவேண்டும், 57 வருகிறது என்றால், ஜாயின் ஏன் வரிசைகளைப் பெருக்கியது என்று மாணவர் யோசிக்க மாட்டார். ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கும் ஒரு டிஸ்டிங்க்டைச் செருகிப் பார்ப்பார். எண்ணிக்கை பொருந்தினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். ஒரே பெயர் கொண்ட இரண்டு மாணவர்கள் ஒருவராக ஆகிப்போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

என் தேர்வு: மறைத்த டேட்டாவில் தானியங்கித் திருத்தம். தோற்றால் எந்தவகைச் சோதனையில் தோற்றது என்பதை மட்டும் சொல்லட்டும். சரியான விடையைக் காட்ட வேண்டாம். கூடவே, வாரத்துக்கு ஒரு கேள்வியையாவது ஓர் ஆள் படித்துக் குறிப்பு எழுதட்டும். முழுவதும் ஆள் திருத்துவது சிறிய வகுப்புக்கு நல்லதுதான். பெரிய வகுப்பில் திருத்துபவர் களைத்துப்போய், க்யூரியின் தோற்றத்தைப் பார்த்து மார்க் போடத் தொடங்கிவிடுவார்.

எஸ்க்யூலைட்டா, போஸ்ட்கிரெஸா, மைஎஸ்க்யூஎல்லா?

எஸ்க்யூஎல் 1974-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் பிறந்தது. 1986-இலேயே அதற்கு அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சியின் தரநிலையும் வந்துவிட்டது. ஆனாலும் எந்த மென்பொருளில் கற்கிறோம் என்பது இன்றும் வித்தியாசம் காட்டுகிறது.

எஸ்க்யூலைட்டின் பெரிய வரம் எளிமை. சர்வர் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, டேட்டாபேஸ் மொத்தமும் ஒரே ஃபைல். இன்ஸ்டால் செய்வதிலேயே முதல் இரண்டு வாரம் போகாது. அதற்கான விலை, அது மிகவும் பொறுத்துப்போகும். முழு எண் வரவேண்டிய நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். 2021-இல் வந்த ஸ்ட்ரிக்ட் டேபிள் வசதியைக் கேட்டுப் பயன்படுத்தினால்தான் மறுக்கும். ஒரு டேபிள் சுட்டும் எண் மற்ற டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனையும் இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போட்டுவிட வேண்டும். துறைவாரியாகச் சராசரி மார்க் எடுக்கும் க்யூரியில் மாணவர் பெயரையும் சேர்த்துக் கேட்டால், அந்தத் துறையிலிருந்து ஏதோ ஒரு பெயரை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடும். பார்ப்பவருக்கு அந்தச் சராசரி அந்த மாணவருடையது போலவே இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் அதே க்யூரியை மறுத்துவிடும்: இந்தப் பெயர் க்ரூப் பையில் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும். தொடக்க மாணவருக்கு இந்தக் கறார் பெரிய உதவி. மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்புக்கு முன்னால் இதைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இயல்பாகவே மறுக்கிறது. அதனால் பழைய பாடக்குறிப்புகளை வைத்து மைஎஸ்க்யூஎல் நடத்தும் ஆசிரியர்கள் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அப்புறம் வகுத்தல். 7-ஐ 2-ஆல் வகுத்தால் மைஎஸ்க்யூஎல் 3.5 தரும், மற்ற இரண்டும் 3 தரும். மைஎஸ்க்யூஎல்லில் தேர்ச்சி விகிதம் கணக்கிடக் கற்ற மாணவர் போஸ்ட்கிரெஸில் அதையே எழுதினால் விகிதம் 0 என்று வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்தது போஸ்ட்கிரெஸ், கல்லூரியே ஒரு சர்வரில் ஏற்றிக் கணக்கு திறந்து கொடுப்பதாக இருந்தால். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு மாணவரும் சொந்த மடிக்கணினியில் சர்வர் நிறுவவேண்டும் என்று விதிப்பது, தொழில்நுட்பப் பின்னணி இல்லாதவரை முதல் வாரத்திலேயே வெளியேற்றும் வேலை. அங்கே எஸ்க்யூலைட்டே போதும். ஸ்ட்ரிக்ட் டேபிள்களோடு தயாரித்த ஃபைலை ஆசிரியர் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் ஃபாரின் கீ சோதனையைப் போடச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு

கணினியில் தேர்வு வைப்பதே நியாயம், வேலையில் யாரும் தாளில் க்யூரி எழுதுவதில்லை என்பார்கள். சரிதான். தாளில் க்யூரி எழுதச் சொன்னால் காற்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் மார்க் குறைக்கும் கொடுமைதான் நடக்கும். ஆனால் தாளுக்கு வேறு ஒரு நல்ல பயன் உண்டு: க்யூரியைக் கொடுத்து விடையை எழுதச் சொல்வது. நாலு மாணவர்கள், அவர்களில் ஒருவர் எதிலும் சேரவில்லை. சேர்க்கை இல்லாத மாணவரையும் விடாமல் வைத்திருக்கும் லெஃப்ட் ஜாயின் போட்டு, ஒவ்வொருவருக்கும் வரிசைகளை எண்ணும் 'கவுன்ட் ஸ்டார்' எடுத்தால் அந்த ஒருவருக்கு என்ன வரும்? 1 வரும், 0 அல்ல. ஜாயின் அவருக்காக 'நல்' நிரம்பிய ஒரு வரிசையை வைத்திருக்கிறது, ஸ்டார் அதையும் எண்ணிவிடுகிறது. சேர்க்கை டேபிளின் பாட எண்ணைக் கவுன்டுக்குள் கொடுத்தால்தான் 0 வரும். கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் மாணவர் ஓட்டிப் பார்த்துவிடுவார். தாளில் மனதுக்குள் ஓட்டியாக வேண்டும். எழுதுவதைக் கணினியிலும், விடையைக் கணிப்பதைத் தாளிலும் வைக்கும் பாடங்கள்தான் இரண்டு திறமையையும் சோதிக்கின்றன.

டெட்லைன்

ஒரு நிமிடம் தாமதமானாலும் பூஜ்யம் என்பது ஒரு முனை. மிகக் குறைந்த மார்க் வாங்கிய இரண்டு அசைன்மென்டைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம் என்பது கருணையானதாகத் தோன்றும் மறுமுனை. இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. ஜாயின் புரியாதவருக்கு அடுத்து வரும் க்ரூப் பை, சப்க்யூரி எதுவும் நிற்காது. கழிக்கலாம் என்றால் மாணவர் கழிப்பது பெரும்பாலும் கடினமான வாரத்தை, அதாவது ஜாயின் வாரத்தையே. இரண்டுக்கும் நடுவில், செமஸ்டருக்கு இத்தனை தாமத நாட்கள் என்று மொத்தமாகக் கொடுத்து, காரணம் கேட்காமல் விரும்பியபோது செலவழிக்க விடுவது மேல். வேலை முடியும், யாரும் மருத்துவச் சான்றிதழோடு வந்து நிற்கவேண்டியதில்லை. வருகைப்பதிவுக்கு மார்க் வேண்டாம். லேப் வகுப்பில் முடித்துக் காட்டும் வேலைக்கு மார்க் கொடுத்தால் போதும்.

நண்பரும் ஏஐயும்

முழுத் தடை, முழு அனுமதி, சொல்லிவிட்டுப் பயன்படுத்தும் அனுமதி என்று மூன்று விதிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முழுத் தடையை வீட்டு அசைன்மென்டில் நிலைநாட்ட வழியில்லை. காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் இங்கே அதிகம் உதவாது. இரண்டு டேபிளைச் சேர்க்கும் சிறிய க்யூரியை எழுத இருப்பதே சில வழிகள்தான். நேர்மையாக எழுதிய இருவரின் க்யூரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகலாம். அந்த ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரு மாணவரைத் திருடர் என்று நிறுத்துவது பெரிய அநீதி.

முழு அனுமதியிலும் இழப்பு உண்டு. டேபிள் அமைப்பைச் சொன்னால் ஏஐ நல்ல க்யூரியே எழுதித் தரும். ஆனால் சேர்க்கை டேபிளின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, பாதியில் விலகியவர் அதில் இருக்கிறாரா, காலியாக இருக்கும் மார்க் என்பது வராத தேர்வா திருத்தாத தாளா என்பதெல்லாம் நாம் சொல்லாமல் அதற்குத் தெரியாது. அந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில்தான் தொடக்க மாணவர் இருக்கிறார்.

ஆகவே மூன்றாவது விதி, ஒரு சிறு வைவாவோடு. யாரிடம் அல்லது எதனிடம் என்ன கேட்டேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும். நண்பரோடு கேள்வியை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். க்யூரியின் எழுத்தை மட்டும் கைமாற்றக் கூடாது. அதன்பின் சில நிமிட வைவாவில் மாணவரின் க்யூரியையே எடுத்து, டேட்டாவில் ஒரு வரிசையை மாற்றினால் விடையில் எது மாறும் என்று கேட்டால், சொந்தமாக யோசித்தாரா என்பது தெரிந்துவிடும். பெரிய வகுப்பில் எல்லாரையும் கேட்க முடியாது. வாரம் சிலரைக் குலுக்கலில் எடுக்கலாம்.

மறுமதிப்பீட்டிலும் இதே போட்டிதான். 'திருத்தியது திருத்தியதுதான்' என்று கதவை அடைக்கும் விதியும், யார் வேண்டுமானாலும் வந்து வாதாடலாம் என்ற விதியும் எதிரெதிரே நிற்கின்றன. ஒரே கேள்விக்குப் பல சரியான க்யூரிகள் இருக்கும் பாடத்தில் முதல் விதி தவறு. இரண்டாவதில் குரல் உயர்த்தத் தெரிந்தவர் மார்க் வாங்கிப்போவார். மறுமதிப்பீடு கேட்கும் மாணவர், கேள்வியில் சொன்ன நிபந்தனைகளுக்குள் நிற்கும் பத்து வரிசை டேட்டா ஒன்றைத் தானே தயாரித்துக் கொண்டுவரட்டும். அதில் தன் க்யூரி சரியான விடையைத் தருவதையும், ஆசிரியரின் க்யூரி அல்லது சோதனை தவறுவதையும் காட்டட்டும். காட்டிவிட்டால் முழு மார்க்கும் அவருக்கு. அதே காரணத்தால் மார்க் இழந்த மற்ற எல்லாருக்கும் சேர்த்துத் திருத்த வேண்டியது ஆசிரியரின் பொறுப்பு.