ஃபிளேம்ஹார்ட்டின் கடலில் சில வருடங்கள்: ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ ஆடிய அனுபவம்

‘சீ ஆஃப் தீவ்ஸ்’ என்ற கடற்கொள்ளையர் ஆன்லைன் வீடியோ கேமைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் வாங்கிய சூட்டோடு எழுதப்பட்டவை. தண்ணீர் அழகு, சூரிய அஸ்தமனம் அழகு, நண்பர்களோடு ஆடினால் ஜாலி என்று முடித்துவிடுவார்கள். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இந்த கேமின் பெரிய வில்லன் கேப்டன் ஃபிளேம்ஹார்ட் எப்படிப்பட்டவன் என்பது முதல் வாரத்தில் பிடிபடாது. பல வருடம் ஆடிய பிறகு எனக்குத் தோன்றுவது, அவனை வைத்தே இந்த கேமின் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடலாம் என்பதுதான்.

விவரம் வேண்டுவோருக்காகச் சுருக்கமாக. உருவாக்கியது இங்கிலாந்தின் ரேர் நிறுவனம், உரிமை மைக்ரோசாஃப்டுடையது. 2018 மார்ச்சில் எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸிலும் வந்தது, 2020 ஜூனில் ஸ்டீம் என்ற கணினி கேம் கடைக்கு வந்தது, 2024 ஏப்ரல் கடைசியில் பிளேஸ்டேஷன் 5-க்கும் போனது. நான் ஸ்டீம் காலத்தில் நுழைந்தவன். அதே மாதம்தான் ‘ஹாண்டட் ஷோர்ஸ்’ அப்டேட்டும் வந்தது. அதனால் புதிதாக வந்த எங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே ஃபிளேம்ஹார்ட் தரிசனம் கிடைத்துவிட்டது. வானத்தில் மலை அளவு சிவப்பு முகம். கீழே அவனுடைய பேய்க் கப்பல்கள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவன் மேலிருந்து அதட்டிக்கொண்டே இருப்பான்.

கதைப்படி அவன் சாதாரண ஆள் இல்லை. கடற்கொள்ளையர்களின் தலைவனான பைரேட் லார்டுக்கு ஜென்மப் பகையாளி. கடல் முழுக்கத் தன் கைக்குள் வர வேண்டும் என்று நினைத்து, சாபத்தில் எலும்புக்கூடாகிப் போனவன். அவனுடைய கப்பல் ‘பர்னிங் பிளேட்’. அவனுக்கு ஊழியம் செய்யும் ஆஷன் லார்டுகள் நான்கு பேர்: கேப்டன் கிரிம், ரெட் ரூத், ஓல்ட் ஹொரேஷியோ, வார்டன் சி. தீவில் சிவப்புச் சுழல்காற்று எழும்பினால் இவர்களில் ஒருவர் இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம். கேட்க பயங்கரமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால், பயம் சீக்கிரமே விட்டுப் போய்விட்டது. அந்தப் பேய்க் கப்பல்கள் சில குண்டுகளிலேயே உடைந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பும், எப்போது சுடும் என்பது பழகிவிடுகிறது. கொஞ்ச நாளில் வானத்து முகம், ‘அங்கே லூட் (கொள்ளைப் பொருள்) இருக்கிறது’ என்று சொல்லும் விளம்பரப் பலகையாக மாறிவிட்டது. அவன் பாட்டுக்குக் கத்துவான், நாங்கள் பாட்டுக்கு வாழைப்பழம் தின்றுகொண்டே பீரங்கியில் குண்டு போட்டுக்கொண்டிருப்போம். (இந்த உலகத்தில் காயம் பட்டால் வாழைப்பழம்தான் மருந்து.)

அப்படியானால் பயம் எங்கே இருக்கிறது? தூரத்தில் தெரியும் இன்னொரு கப்பலின் பாயில்.

இதைப் புரியவைக்க இந்த கேம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். திரையின் மூலையில் குட்டி மேப் கிடையாது. மேப் வேண்டுமானால் கப்பலுக்குள் மேஜைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். திசை வேண்டுமானால் திசைகாட்டியைக் கையில் எடுக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவருக்குப் பாய் மறைக்கும், எனவே முன்னால் பாறை இருக்கிறதா என்று இன்னொருவர் கத்த வேண்டும். கப்பல் வகைகளில் ஸ்லூப் இரண்டு பேருக்கு, பிரிகன்டைன் மூவருக்கு, கேலியன் நால்வருக்கு. ஒவ்வொரு சர்வரிலும் இப்படிச் சில கப்பல்கள், எல்லாவற்றிலும் நிஜ மனிதர்கள்.

அப்புறம் முக்கியமான விதி: புதையல் பெட்டியைக் கண்டெடுத்தால் மட்டும் அது உங்களுடையது ஆகாது. அதைக் கப்பலில் ஏற்றி, அவுட்போஸ்ட் எனும் துறைமுகத் தீவு வரை கொண்டுபோய், உரிய ஆளிடம் கையில் கொடுத்துக் காசாக்கும் வரை அது யாருடையது வேண்டுமானாலும் ஆகலாம். மாலை முழுக்கச் சேர்த்ததை ஒருவன் பத்து நிமிடத்தில் தூக்கிக்கொண்டு போகலாம். போவான். இந்த ஒரு விதிதான் மொத்த கேமும். இதனால்தான் தொடுவானத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்ததும் மூன்று பேரும் பேச்சை நிறுத்துகிறோம்.

சண்டை வந்தால் என்ன நடக்கும்? குண்டு விழுந்த சத்தம் முதலில், அடுத்து கீழ்த் தளத்தில் தண்ணீர் பீறிடும் சத்தம். ஒருவர் பலகையை வைத்து ஓட்டையை அடைக்க வேண்டும், ஒருவர் வாளியில் மொண்டு மேலே ஓடிக் கடலில் கொட்ட வேண்டும், மூன்றாமவர் சுக்கானை விடாமல் பீரங்கிக்கும் பதில் சொல்ல வேண்டும், அது முடியாத காரியம். இதற்குள் எதிரிக் கப்பலிலிருந்து ஒருவன் நீந்தி வந்து ஏணியைப் பிடித்திருப்பான். ஏறியதும் அவன் செய்யும் முதல் வேலை உங்களைக் கொல்வதாக இருக்காது. நங்கூரத்தைப் போட்டுவிடுவான். நின்ற இடத்தில் கப்பல் திரும்பி நிற்க, அவனுடைய நண்பர்களுக்கு அசையாத இலக்கு கிடைத்துவிடும். வானத்து முகத்துக்கு இந்தச் சாமர்த்தியம் எல்லாம் கிடையாது.

இதைவிட மோசம் ‘டக்’ அடிப்பவர்கள். உங்கள் கப்பலில் ஏறி, பீப்பாய் வேஷம் போட்டுக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கூடவே பயணம் செய்து, விற்கும் நேரத்தில் எழுந்து வேலையைக் காட்டுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கப்பலை விட்டு விலகிப் போன ஆட்டக்காரரைத் திருப்பி அனுப்ப, கடலில் ஒரு கடற்கன்னி தோன்றும். உங்கள் ஆட்கள் எல்லோரும் கப்பலிலேயே இருக்கும்போது பக்கத்துத் தண்ணீரில் கடற்கன்னி மிதக்கிறது என்றால், அது வேறு யாரையோ தேடி வந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் குழுவில் யாரும் எதுவும் பேசமாட்டோம், கத்தியை உருவிக்கொண்டு கீழ்த் தளத்துக்கு இறங்குவோம். ஒருமுறை பீப்பாய் ஒன்றை வெட்டியதும் அது ஹெட்செட்டில் பச்சைக் குழந்தை மாதிரி அலறியது. அவனும் சிரித்தான், நாங்களும் சிரித்தோம், அப்புறம் அவனை ஃபெர்ரிக்கு அனுப்பிவைத்தோம். (செத்தவர்கள் ‘ஃபெர்ரி ஆஃப் தி டாம்ன்ட்’ என்ற பேய்ப் படகில் சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பி வரலாம்.)

நிஜச் சரித்திரத்திலும் பேர் வாங்கிய கேப்டன்களின் தொழில் ரகசியம் இந்தப் பயம்தான். பிளாக்பியர்ட் எனப்பட்ட எட்வர்ட் டீச், சண்டை நேரத்தில் தொப்பிக்குக் கீழே புகையும் திரிகளைச் செருகிக்கொண்டு நிற்பானாம். அவன் வேண்டியது ரத்தம் இல்லை, எதிரி சண்டை போடாமல் சரணடைவது. சண்டை என்றால் கப்பலும் கெடும், சரக்கும் கெடும். 1718 நவம்பரில் வட கரோலினாவின் ஓக்ரகோக் அருகே செத்தான், பயம் மட்டும் முந்நூறு வருடமாக உயிரோடு இருக்கிறது. ‘சீ ஆஃப் தீவ்ஸி’ல் ரீப்பர்ஸ் போன்ஸ் என்ற கூட்டத்தின் சிவப்புக் கொடியை ஏற்றினால் அதே வேலை நடக்கும். அந்தக் கொடியைப் பார்த்த சின்ன ஸ்லூப் லூட்டையே போட்டுவிட்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குண்டு கூடச் செலவாகவில்லை.

பயம் மற்ற ஆட்டக்காரர்களிடம்தான் இருக்கிறது என்பதை ரேர் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் எடுத்தது என்றுதான் நினைக்கிறேன். 2022 நவம்பரில் வந்த எட்டாவது சீசன் என்ற பெரிய அப்டேட்தான் திருப்பம். கப்பலில் உள்ள மணற்கடிகாரத்தைத் திருப்பி, பைரேட் லார்ட் பக்கமா ஃபிளேம்ஹார்ட் பக்கமா என்று தேர்ந்தெடுத்துக் கடலுக்குள் மூழ்கினால், அதே மனநிலையில் உள்ள இன்னொரு கப்பலுக்கு எதிரே எழும்பலாம். ஃபிளேம்ஹார்ட் பக்கத்தாருக்கு ‘சர்வன்ட்ஸ் ஆஃப் தி ஃபிளேம்’ என்று பெயர். அங்கே விசுவாச நிலை நூறைத் தொட்டவருக்கு எலும்புக்கூடாக மாறும் சாபம் பரிசாகக் கிடைக்கும். தொலைநோக்கியில் பார்க்கும்போது எதிர்க் கப்பலின் சுக்கானில் எலும்புக்கூடு நின்றால், அது கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மை இல்லை, அந்த நூறைத் தாண்டிய ஆள். எங்கள் குழுவில் அப்போது எழும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்றைக்குத்தான் ஃபிளேம்ஹார்ட்டுக்கு நான் நிஜமாகப் பயந்தேன், அவன் அங்கே இல்லவே இல்லை என்றாலும்.

2024 ஜூலையில் பதின்மூன்றாவது சீசன் இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபிளேம்ஹார்ட் உடம்போடு திரும்பி வந்தான், கூடவே பர்னிங் பிளேடும் வந்தது. அந்தக் கப்பலோடு மோதி ஜெயித்தால் அதை நாமே எடுத்து ஓட்டலாம். எலும்புக்கூட்டு மாலுமிகள் நமக்காக வேலை செய்வார்கள். தீவுகளில் உள்ள எலும்புக்கூட்டு முகாம்களுக்குப் போய்ச் சடங்கு செய்யச் செய்ய அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஏற ஏற, மற்றக் கப்பல்களின் கண்ணும் நம் மேல். எப்போது இறங்கி விற்பது, இன்னும் ஒரு சடங்கு செய்யலாமா என்ற அந்தப் பேராசைக் கணக்கு அருமையான வடிவமைப்பு. ஒருவர் ‘போதும்டா வித்துடலாம்’ என்பார், இன்னொருவர் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்பார், அந்த ஒன்றில்தான் பின்னால் கேலியன் வந்து நிற்கும். வானத்தில் நான்கு வருடமாகக் கத்திய வில்லனைவிட, அவனுடைய சுக்கானைக் கையில் கொடுத்த இந்த ஏற்பாடு எவ்வளவோ மேல்.

இனி பிடிக்காதவை. வாளால் வெட்டியது, துப்பாக்கியால் சுட்டது சில நேரம் எதிரி மேல் பதிவாகாது. ரத்தம் தெறிப்பது கண்ணுக்குத் தெரியும், அவன் பாட்டுக்கு ஓடுவான். ‘ஹிட்ரெக்’ என்று இதற்குப் பெயரே வைத்துப் பல வருடமாக எல்லோரும் புலம்புகிறார்கள். பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) அதிகமாக இருக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு வலி இன்னும் கூடுதல். சர்வர் துண்டித்தால் வரும் பிழைச் செய்திகளுக்கெல்லாம் தாடிப் பெயர்: லாவண்டர்பியர்ட், சயன்பியர்ட், பிரான்ஸ்பியர்ட் என்று நிறத்துக்கு ஒன்று. முதல் தடவை சிரிப்பு வரும், கப்பல் நிறைய லூட்டோடு இருக்கும்போது வராது.

இரண்டாவது, வருடக்கணக்கில் ஆடினாலும் உங்கள் வாளுக்கு வலு கூடாது, கப்பலுக்கு வேகம் கூடாது. காசில் வாங்குவது உடை, பாய், கப்பலின் நிறம், அவ்வளவுதான். நேற்று சேர்ந்தவனும் பழைய ஆளும் ஒரே துப்பாக்கியைத்தான் பிடிக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். லெவல் ஏறி எண்கள் கூடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு மாதத்தில் சலிக்கும், என் நண்பர் ஒருவர் அப்படித்தான் விலகினார். ஏழாவது சீசனில் இரண்டரை லட்சம் தங்கக் காசுக்கு சொந்த ஸ்லூப் வாங்கிப் பெயர் சூட்டும் வசதி வந்தபோது, அவரே திரும்பி வந்து ஒரு வாரம் பெயர் யோசித்தார் என்பது வேறு கதை.

தனியாக ஆடுவது கஷ்டம். ஒரு ஸ்லூப்பில் சுக்கானும் பீரங்கியும் வாளியும் ஒரே ஆள் பார்ப்பது பழகினால் வரும், ஆனால் இருவர் ஏறி வந்தால் பெரும்பாலும் தோல்விதான். 2023 டிசம்பரில் ‘சேஃபர் சீஸ்’ என்ற தனி வழியைத் திறந்தார்கள். அங்கே உங்கள் ஆட்கள் மட்டும், வேறு கப்பல் வராது. பதிலுக்கு, தொடங்கியபோது வருமானம் முப்பது சதவீதம்தான், சொந்தக் கப்பலைக் கொண்டுபோகவும் முடியவில்லை. ‘டால் டேல்ஸ்’ எனப்படும் கதைப் பயணங்களை நிம்மதியாக முடிக்க இது சரியான இடம். ஃபிளேம்ஹார்ட்டின் முன்கதை தெரிய வேண்டுமானால் ‘சீபவுண்ட் சோல்’, ‘ஹார்ட் ஆஃப் ஃபயர்’ இரண்டையும் இங்கேயே ஆடிவிடுங்கள். புத்தகங்களை நின்று படிக்கும்போது யாராவது முதுகில் சுடுவார்களோ என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்களும் அந்த வழியிலேயே விடலாம். ரத்தம் குறைவு, கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஆனால் பொதுக் கடலில் அந்நியர்கள் மைக்கில் பேசுவது அப்படியே காதில் விழும், அதில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. அமைப்புகளில் மற்றக் குழுக்களின் குரலை அணைத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

வாங்கலாமா என்று கேட்டால்: மைக்கில் பேச இரண்டு மூன்று நண்பர்கள் இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆள் இல்லை என்றால் தள்ளுபடி வரும்வரை பொறுங்கள், அடிக்கடி வருகிறது. பொதுக் கடலில் முதல் சில நாட்கள் லூட் எதையும் சேர்த்து வைக்காமல், இரண்டு பெட்டி கிடைத்ததும் பக்கத்து அவுட்போஸ்டில் விற்றுவிடுங்கள். பர்னிங் பிளேட் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், அதை ஓட்டுவது நாங்களாகவும் இருக்கலாம்.