பூட்டனின் சிறைப் பதிவு என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

"பழைய நீதிமன்றப் பதிவு, சிறைப் பதிவு எல்லாம் தேடி உங்கள் பரம்பரையைக் கண்டுபிடித்துத் தருகிறோம்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் வீடுவீடாக வந்துபோகிறார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனத்துக்கும் வட்ஸ்அப்பில் அதே கதைதான் போகிறது. நாங்கள் அவரிடம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா கொடுத்து ஏமாந்தோம். காசை உழைத்துக்கொள்ளலாம். அவர் செய்த மற்ற வேலைதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அதனால்தான் வெட்கத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அப்பாச்சியின் பூட்டன் மாட்டுக் களவில் பிடிபட்டாராம். யாழ்ப்பாணத்தில் வழக்கு விளங்கி, கப்பலில் ஏற்றி மொரிசுக்குக் கொண்டுபோனார்களாம். அதோடு ஆள் திரும்பவில்லை. மொரிசு என்று அப்பாச்சி சொன்னது மொரீசியஸ் தீவை. செத்த நாள் தெரியாதபடியால் ஆடி அமாவாசைக்கு அவருக்கென்று ஒரு இலை தனியாகப் போடுவா. ஊர்ப்பெயர், ஆட்களின் பெயர் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி றங்குப்பெட்டிக்குள் வைத்திருந்தா. 2009இல் மாத்தளனில் அந்தப் பெட்டியை விட்டுவிட்டுத்தான் ஓடிவந்தோம். கொப்பி போனதில் இருந்து, அந்தக் கதைக்கு ஒரு துண்டுக் கடதாசியாவது கிடைக்காதா என்று எனக்கு ஆசை. அந்த ஆசையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் கதை முழுவதையும் ஆறுதலாகக் கேட்டார், எழுதினார், நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு போனார். மூன்று கிழமையில் போன் வந்தது. "அண்ணை, உங்கட ஆள் மாட்டுக்கள்ளன் இல்லை. பண்டாரவன்னியன்ர படையில நிண்ட வீரன். வெள்ளைக்காரன்தான் களவு எண்டு எழுதிப்போட்டான்."

இதைக் கேட்டால் வன்னியில் யார்தான் மயங்கமாட்டார்கள்? 1803 ஓகஸ்டில் வெள்ளைக்காரரிடம் இருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன். அதே வருசம் ஒக்டோபர் 31இல் அவன் தோற்ற இடமென்று நினைவுக்கல் வைத்த கற்சிலைமடு, எங்கள் வீட்டில் இருந்து சைக்கிளில் போகிற தூரம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த அறுபதாயிரத்தை நானே கொண்டுபோய் வங்கியில் போட்டேன். கடைசி எண்பதாயிரத்தை ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் அனுப்பினான்.

கிடைத்தது இரண்டு சாமான். ஒன்று, லமினேற் பண்ணிய 'நீதிமன்றத் தீர்ப்பு'. 1819, வடமாகாணம், ஆயுள் முழுவதும் நாடுகடத்தல் என்று ஆங்கிலத்தில் இருந்தது. மற்றது ஒரு படம். மார்புவரை தெரிகிற ஒரு ஆள். முப்பது வயது இருக்கும். தோளில் துண்டு, நெற்றியில் இரண்டு சுருக்கம், கமராவைப் பார்க்கத் தெரியாமல் கொஞ்சம் பக்கமாகப் பார்க்கிற கண். படத்தின் கீழே ஒரு இலக்கம். அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கி, "அப்பான்ர நாடிதான், பார்" என்று அழுதா. பிரேம் போட்டோம். சாமியறையில் மாட்டி, மாலை போட்டு, விளக்கும் வைத்தோம்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அக்காவின் மகள் வந்திருந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறவள். தீர்ப்பை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "மாமா, வடமாகாணம் எண்டு ஒண்டை உண்டாக்கினதே 1833இல தானே? பதினாலு வருசத்துக்கு முந்தி எழுதின தீர்ப்பில எப்பிடி வந்தது?"

எனக்கு வாயடைத்துப் போனது. படத்தைக் காட்டினேன். அவள் இன்னும் நேரம் எடுத்துப் பார்த்தாள். படம் பிடிக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்ததே 1839இல். 1819இல் கப்பல் ஏறிய ஆளை அதற்குப் பிறகு அங்கே படம் பிடித்திருந்தால், தலை நரைக்கத் தொடங்கிய ஆளாகத்தான் இருக்கவேண்டும். முப்பது வயதுக்காரனாக இருக்க வழியே இல்லை.

பிறகுதான் அவள் விசயத்தை விளங்கப்படுத்தினாள். மொரீசியஸுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் போனது இரண்டு வழியில். ஒன்று தண்டனைக் கைதிகள். 1815 முதல் இந்தியாவில் இருந்து கொண்டுபோனார்கள், இலங்கையில் இருந்தும் போனார்கள். வீதியும் பாலமும் போடுகிற வேலை. கண்டி அரசில் பெரிய மந்திரியாக இருந்த எகலப்பொலையைக்கூட 1825இல் அங்கேதான் அனுப்பினார்கள், 1829இல் அங்கேயே செத்தார். மற்றது ஒப்பந்தக் கூலிகள். 1834 நவம்பரில் அட்லஸ் என்ற கப்பலில் வந்திறங்கிய 36 பேரோடு தொடங்கி இந்தியாவில் இருந்து லட்சக்கணக்கில் போனார்கள், கரும்புத் தோட்டத்துக்கு. இந்தக் கூலிகளைத்தான் 1860களில் இருந்து இலக்கம் போட்டுப் படம் பிடித்தார்கள். அந்தப் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. எங்கள் சாமியறையில் தொங்குவது அப்படியான ஒரு கூலியின் படம்.

வேறு யாரோ ஒரு குடும்பத்தின் பூட்டனுக்கு நாங்கள் மாலை போட்டிருக்கிறோம். அவருடைய பேரப்பிள்ளைகளும் எங்கேயோ அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவரின் முகத்தை எடுத்து எங்களுக்கு விற்றிருக்கிறான் அந்த மனுசன். இதற்குப் பெயர் வெறும் காசுக் களவு இல்லை.

நான் போன் எடுத்தேன். தீர்ப்பு எந்தச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது, லொட் இலக்கம், அதாவது அந்தப் பதிவுத் தொகுதிக்குப் போட்ட இலக்கம், என்ன என்று கேட்டேன். "அண்ணை, அது ரகசியப் பதிவு, இலக்கம் வெளியில தரமாட்டினம்" என்றார். இருநூறு வருசத்துக்கு முந்திய மாட்டுக் களவில் என்ன ரகசியம் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். அதன் பிறகு என் அழைப்பு அவரிடம் போகவே இல்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

உங்களிடமும் வந்தால் காசைப் பற்றிப் பேச முதல் அந்த இலக்கத்தைக் கேளுங்கள். கொழும்பு 7இல் இருக்கும் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பதிவுகளை லொட் என்று பிரித்து இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரித்தானியாவின் தேசிய சுவடிக்கூடத்தில், வெள்ளைக்காரரின் குடியேற்றநாட்டு அலுவலகத்துக்குப் போன இலங்கைக் கடிதங்கள் சி.ஓ. 54 என்ற தொடரிலும் மொரீசியஸ் கடிதங்கள் சி.ஓ. 167 என்ற தொடரிலும் இருக்கின்றன. அங்கே வாசிக்கக் காசு இல்லை, சொந்தப் போனிலேயே படம் எடுக்கலாம். லண்டனில் உங்களுக்கு ஒரு மருமகனோ பெறாமகளோ இருந்தால் ஒரு நாள் லீவு எடுத்துப் போனால் போதும். உண்மையாகத் தேடியவர் இலக்கத்தையும், அந்தக் கையெழுத்துப் பக்கத்தின் முழுப் படத்தையும் கேட்காமலே தருவார். அந்தக் காலத்துப் பதிவு கையால் எழுதியது. தட்டச்சில் அடித்துப் பளபளவென்று லமினேற் பண்ணித் தந்தால் மூலத்தைக் காட்டச் சொல்லுங்கள். கைதிப் பட்டியல் என்றால் குற்றமும் தண்டனையும் இருக்கவேண்டும். தோட்டத்தின் பெயரும் சம்பளமும் இருந்தால் அது கூலிப் பதிவு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் ஆள் கள்ளன் இல்லை, வீரன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். எனக்கு இப்போது அப்பாச்சி சொன்ன மாட்டுக்கள்ளன்தான் வேண்டும். பசிக்குக் களவெடுத்தாரோ, எல்லைச் சண்டையில் மாட்டிவிட்டார்களோ, அது அவருடைய கதை. அக்காவின் மகள் வருகிற மாதம் கொழும்புக்குப் போகிறாள், யாழ்ப்பாண வழக்குகளில் இருந்து தொடங்கப் போகிறாளாம்.

படத்தைக் கழற்றப் போனேன். அம்மா விடவில்லை. "ஆரோ பெத்த பிள்ளைதானே, அதுவும் திரும்பி வராமல் போனதுதானே, இருக்கட்டும்" என்றா. படத்தில் இருக்கும் இலக்கத்தை மோக்காவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், அவரின் ஆட்கள் யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று. அதுவரைக்கும், இந்த ஆடி அமாவாசைக்கு ஒரு இலை கூடப் போடச் சொல்லியிருக்கிறா அம்மா.