ஒரு சாண் இடத்துக்கு எந்த எஸ்பிரெஸோ இயந்திரம்?

எங்கள் அடுப்பங்கரை மேடையில் கேஸ் அடுப்புக்கும் ரைஸ் குக்கருக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கிறது. அளந்தால் 26 சென்டிமீட்டர். அரைத்த தூளில் சுடுதண்ணீரை அழுத்தத்தோடு செலுத்திக் கெட்டியான சின்னக் கோப்பி எடுக்கும் எஸ்பிரெஸோ இயந்திரம் பற்றி இந்த நான்கு வருடத்தில் நான் போட்ட கணக்கெல்லாம் அந்த இடத்துக்குள்தான். காசு கொடுத்து வாங்கியது மூன்று, மைத்துனரிடம் இரவல் வாங்கி இரண்டு மாதம் பயன்படுத்தியது ஒன்று, உறவினர் வீடுகளில் போகும்போதெல்லாம் போட்டுப் பார்த்தது இரண்டு. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஊரையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரைப் பொறுத்துப் பதில் மாறும். நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். தோட்டத்து லயத்திலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த குடும்பம். சாமான் எல்லாம் இங்கேயே கிடைக்கும், ஆனால் எஸ்பிரெஸோ இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த கடை வேண்டும் என்றால் ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். புதிதாக வறுத்த கொட்டை கூரியரில் வருகிறது. மாலையானால் இடி மின்னல். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் யூடியூப்பைப் பார்த்து வாங்கினால், பிறகு சிரமப்பட வேண்டியிருக்கும்.

முதலில், தூளை அடைத்து மூடிய சின்னக் குப்பியைப் போட்டு எடுக்கும் கேப்ஸ்யூல் இயந்திரத்தைப் பேசி முடித்துவிடலாம். தைப்பிங்கில் தங்கச்சி வீட்டில் நெஸ்பிரெஸோ இருக்கிறது. இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவளுக்கு அது பொருத்தம்தான், குறையே சொல்ல மாட்டேன். ஒரு நிமிடத்தில் கோப்பி, கழுவுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் ஒரு கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் தூள் ஐந்தாறு கிராம்தான், விலையோ இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். நான் வாங்கும் கொட்டை 250 கிராம் 45 வெள்ளி. ஒரு தடவைக்கு 18 கிராம் என்றால் பதின்மூன்று முறை போடலாம், ஒன்றுக்கு மூன்றரை வெள்ளி விழுகிறது. அதே அளவு தூளுக்கு மூன்று கேப்ஸ்யூல் உடைக்க வேண்டும். தினம் ஒன்று மட்டும் குடிப்பவருக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தெரியாது. மூன்று பேர் குடிக்கும் எங்கள் வீட்டில் தெரியும்.

சரி, இனி தூள் போட்டு அழுத்தி எடுக்கும் இயந்திரங்கள்.

இரவல் வாங்கியது டெலோங்கி டெடிகா. இந்த அளவு இடத்துக்கு இதைவிட ஒல்லியான இயந்திரத்தை நான் பார்க்கவில்லை, 15 சென்டிமீட்டர்தான் அகலம். சுவிட்ச் போட்டு முக்கால் நிமிடத்துக்குள் தயாராகிவிடும், காரணம் உள்ளே கொதிகலன் கிடையாது. சூடான உலோகப் பாளத்துக்குள் ஓடும் மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் போகப் போகச் சூடாகிறது. காலையில் ஆறு மணிக்கு எழுந்து ஆறரைக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறவனுக்கு அது பெரிய உதவி.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது தூளைப் போடும் அதன் வடிகூடை. கூடவே வரும் கூடைக்கு இரட்டை அடிப்பாகம், கீழ்த் தகட்டில் ஊசிமுனை அளவு ஒரே துளை. தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையில் அழுத்தம் கூடி, மேலே நுரை வந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நுரையை வைத்து கோப்பியின் தரத்தைச் சொல்ல முடியாது. பழைய தூளுக்கும் அதே நுரை வரும். மைத்துனர் இதைத்தான் ஒரு வருடம் குடித்துவிட்டு, எஸ்பிரெஸோ என்றால் கசப்பும் நுரையும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். 51 மில்லிமீட்டர் அளவில் ஒற்றைத் தகட்டுக் கூடையைத் தனியாக வாங்கிப் போட்டு, அதற்கேற்ற மாவு போல் அரைத்த தூளைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், இத்தனை நாளா நான் என்னத்த குடிச்சேன்?" என்றார். இயந்திரம் அதே இயந்திரம்தான்.

அப்படி மாற்றிய டெடிகாவில் எனக்கு இரண்டு மனக்குறை மிஞ்சியது. ஒன்று, பால் நுரைக்கும் குழாயின் மேல் இருக்கும் உறை பெரிய பெரிய குமிழியாகக் கொடுக்கிறது. இன்னொன்று, அடுத்தடுத்து மூன்று கோப்பி போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வருகிறது. இரண்டு பேர் வீடு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈப்போவில் சித்தி மகன் வைத்திருப்பது பிரெவில் பம்பினோ. தூள் கூடையைத் தாங்கும் கைப்பிடியின் வாய் 54 மில்லிமீட்டர், இயந்திரம் 16 சென்டிமீட்டர் அகலம், மூன்றே விநாடியில் சூடு. வெப்பத்தை மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது. முதலில் குறைந்த அழுத்தத்தில் தூளை நனைத்துவிட்டு அப்புறம்தான் முழு அழுத்தம் கொடுக்கிறது, அதனால் நம் கைப்பிழை பாதி மறைந்துவிடுகிறது. பால் நுரையும் நன்றாக வருகிறது. புதிதாகக் கற்பவர் கையில் முதல் வாரமே நல்ல கோப்பி தருவது எது என்று கேட்டால், தயங்காமல் பம்பினோ என்பேன். சித்தி மகன் ஈப்போவில் இருக்கிறான், பக்கத்தில் கடை இருக்கிறது, அவனுக்குச் சரி.

நான் வாங்காததற்குக் காரணம் அந்த மின்னணுப் பலகை. என் முதல் இயந்திரம் வேறொன்று, இரண்டாம் கையாக வாங்கியது, அதிலும் இப்படி ஒரு பலகை உண்டு. ஒரு நாள் மாலை மழைக்கு முன்னால் இடித்த இடியில் அது செத்துப்போனது. அம்மா டிவி ப்ளக்கைப் பிடுங்கினார், இயந்திரத்தின் ப்ளக்கைப் பிடுங்க எனக்குத் தோன்றவில்லை. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பலகைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம் என்றார்கள், ஐந்து மாதம் அதையே சொன்னார்கள். பிறகு நானே போய்த் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு இயந்திரத்தைப் பார்த்தால், இது கெட்டால் நானே சரி செய்ய முடியுமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்வது காஜியா கிளாசிக். நெம்புகோலால் அழுத்தம் கொடுத்து கோப்பியின் மேல் பொன்னிற நுரை வரவழைத்த மிலான்காரர் அக்கீலே காஜியா. அவர் பெயரில் வரும் இயந்திரம் இது. 1991இல் வந்த கிளாசிக்கின் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒரு சிறு கொதிகலன், ஒரு பம்ப், மூன்று சுவிட்ச். வாஷர் முதல் தெர்மோஸ்டாட் வரை ஆன்லைனில் தனித்தனியாகக் கிடைக்கிறது. கைப்பிடி பூட்டும் இடத்து ரப்பர் வளையத்தைப் போன வருடம் நானே மாற்றினேன், அரை மணி நேர வேலை. கைப்பிடி, எஸ்பிரெஸோ விற்கும் கடைகளில் இருக்கும் அதே 58 மில்லிமீட்டர், ஆகையால் கூடை, தூளை அழுத்தும் கருவி எல்லாம் எங்கு வாங்கினாலும் பொருந்தும். இறக்கியதும் மூன்று வழி வால்வு மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிடும், சக்கை காய்ந்த வில்லையாக ஒரே தட்டில் விழும். எங்கள் மேடையில் சரியாக உட்கார்ந்துவிட்டது.

ஆனால் இது பொறுமை கேட்கும் இயந்திரம். விளக்கு எரிந்தவுடன் கோப்பி போட்டால் புளிக்கும். கைப்பிடியைப் பூட்டி வைத்துப் பதினைந்து நிமிடமாவது சூடேற விட வேண்டும். நான் எழுந்தவுடன் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். கொதிகலன் சின்னது, வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, விளக்கு அணைந்து மறுபடி எரிந்தவுடன் போட வேண்டும். பால் நுரைக்க வேறு சுவிட்ச், அதற்கு இன்னும் அரை நிமிடம். பழைய மாடல்களில் அழுத்தம், எஸ்பிரெஸோவுக்கு வேண்டிய 9 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாண்டிவிடும், ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சரியாகும். 2023இல் வந்த இவோ புரோ என்ற கிளாசிக்கில் அது தொழிற்சாலையிலேயே 9 பாருக்கு வைத்து வருகிறது. விலை டெடிகாவைப்போல் இரண்டு மடங்குக்கு நெருங்கும். பத்து வருடம் வைத்திருப்பேன் என்பவர் வாங்கட்டும், இரண்டு வருடத்தில் வேறு மாற்றுவேன் என்பவருக்கு இது வேண்டாம்.

மின்சாரமே வேண்டாத ஒன்றும் என்னிடம் இருக்கிறது, ஃபிளேர். ஒரு தாங்கி, ஒரு உருளை, ஒரு பிஸ்டன், ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். கொதிதண்ணீர் ஊற்றி உருளையைச் சூடாக்கி, தூளை நிரப்பி, கையால் அழுத்த வேண்டும். தூள் எப்படி எதிர்க்கிறது என்பது கைக்கே தெரியும். நான் எஸ்பிரெஸோவைப் புரிந்துகொண்டது இதில்தான். அரைப்பு பெரியதாக இருந்தால் நெம்புகோல் சட்டென்று கீழே போகும், பொடியாக இருந்தால் உடம்பையே சாய்த்தாலும் அசையாது. கோப்பியின் ருசி மட்டும் பார்த்தால் ஃபிளேருக்குத்தான் முதல் இடம், காஜியாவுக்கும் மேல். ஆனால் ஒரு கோப்பிக்குப் பத்து நிமிடம், பால் நுரைக்கவும் வழியில்லை. தனி ஆளாக இருந்து, பால் சேர்க்காமல் குடிப்பவர் வேறு எதையும் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு ஆறு பேர் வந்துவிட்டால் நான் அதைத் தொடுவதில்லை.

மோக்கா பாட் போதாதா என்று அத்தை கேட்பார். 1933இல் பியாலெத்தி கொண்டு வந்த அந்த அலுமினியக் குடுவையில் அழுத்தம் ஒன்று இரண்டு பார்தான் ஏறும், எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது 9. திடமான நல்ல கோப்பி தரும், ஆனால் அது வேறு கோப்பி.

இவ்வளவு நேரம் இயந்திரம் பற்றிப் பேசினேன், ஆனால் என் காசை நான் முதலில் வைக்கும் இடம் அரைக்கும் கருவி. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 18 கிராம் தூளில் 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் கோப்பி இறங்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது அரைப்பின் நுண்மை. கத்தி சுழலும் மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி ரவை. தண்ணீர் ரவை இருக்கும் பக்கமாக வழி தேடி ஓடிவிடும், ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். மூவாயிரம் வெள்ளி இயந்திரமும் அதைத் திருத்தாது. இரும்புப் பல் வைத்த கை அரைப்பான்களில் கிங்கிரைண்டர் கே6, ஒன்சிபிரெஸ்ஸோ ஜே-மேக்ஸ் போன்றவை எஸ்பிரெஸோவுக்கு வேண்டிய நுண்மையில் ஒரு சொடுக்கு முன்னே பின்னே நகர்த்தித் திருத்த இடம் தருகின்றன. கை அரைப்பானுக்கும் மின்னல் பயம் இல்லை. டெடிகாவும் நல்ல அரைப்பானும் வைத்திருப்பவர், காஜியாவும் கடையில் அரைத்த தூளும் வைத்திருப்பவரைவிட நல்ல கோப்பி குடிப்பார். இதை எங்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் கோப்பிக் கொட்டையை இவற்றில் எதிலும் போடாதீர்கள். நம் கோப்பிக்கு வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்ப்பார்கள், அந்தக் கருப்புப் பளபளப்பு அதில் வருவது. ஈப்போ வெள்ளைக் கோப்பிக்கு மார்ஜரின் மட்டும். துணியில் ஊற்றி வடித்து, டின் பால் கலந்து குடிக்க அதற்கு ஈடு கிடையாது, அம்மாவின் விடியற்காலைக் கோப்பி இன்றும் அதுதான். ஆனால் அந்தச் சீனிப் பாகு அரைப்பானின் பல்லில் பிசினாக ஒட்டும், சூடான இயந்திரத்தின் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். என் பழைய அரைப்பானை அப்படித்தான் பாழாக்கினேன், பல் தேய்க்கும் பிரஷால் ஒரு நாள் முழுக்கத் தேய்த்தும் போகவில்லை.

உள்ளூர்க் கொட்டையே வேண்டும் என்றால் சீனி சேர்க்காமல் வறுத்த ஜொகூர் லைபீரிக்கா வகைக் கொட்டை இப்போது கிடைக்கிறது. ரப்பர் வருவதற்கு முன்னால் மலாயாத் தோட்டங்களில் நம் ஆட்கள் பறித்ததும் இதே வகைதான். 1890களின் கடைசியில் கோப்பி விலை சரிந்த பிறகே தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினார்கள். இதில் பழுத்த பலாப்பழ வாசனை உண்டு. கொட்டை பெரியது, ஒழுங்கில்லாத வடிவம், கையால் அரைக்கத் தோள் வலிக்கும், ஆனாலும் மாதம் ஒரு பாக்கெட் வாங்குகிறேன். எந்தக் கொட்டையானாலும் வறுத்து ஒரு வாரம் போனபின் பையைத் திறவுங்கள். ஈரக் காற்றில் சீக்கிரம் மணம் போய்விடும், நான் 18 கிராமாகப் பிரித்துச் சின்னப் பைகளில் ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறேன்.

பாலுக்கு நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். பின் தெருவில் மாடு வைத்திருக்கும் மாமாவிடம் காலையில் வாங்குவதை அன்றே காய்ச்சி, ஆற வைத்து, ஆடை எடுத்து, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர விட்டுவிட்டால் பெட்டிப் பாலைவிட இனிப்பான நுரை வருகிறது. 60 முதல் 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் இனிப்பு போய் வெந்த வாசம் வரும். கோப்பையைப் பிடித்த கை பொறுக்க முடியாமல் போகும் நேரம்தான் அந்தச் சூடு. நுரைத்தவுடன் குழாயை ஈரத் துணியால் துடைத்து ஒரு முறை ஆவியை வெளியே விடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலை எறும்பு வரிசை பிடித்திருக்கும்.

பழைய காஜியா வாங்க நினைப்பவர்கள் நேரில் போய்ப் பாருங்கள். சூடேற்றிய பிறகு கைப்பிடியின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் பயப்பட வேண்டாம், ரப்பர் வளையம்தான். சுவிட்ச் போட்டதும் வீட்டு மின்சாரம் டிரிப் ஆனால் வேண்டாம், சூடேற்றும் கம்பியில் பழுது இருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைத் திருப்பிப் பார்த்து 230 அல்லது 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட், மலிவாகக் கொடுத்தாலும் நம் சுவரில் செருக முடியாது. தண்ணீர்த் தொட்டியின் அடியைத் தடவிப் பாருங்கள், வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும், விலையில் நூறு வெள்ளியாவது குறைத்துக் கேளுங்கள்.