டியர்டிராப் கேம்பருக்கு எந்த ஏசி? சூட்டை எந்த வழியாக வெளியே விடுவது?

டெக்சாஸ், லூசியானா பக்கம் கராஜில் ப்ளைவுட் அறுத்து டியர்டிராப் கேம்பர் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், கண்ணீர்த்துளி வடிவச் சின்னப் படுக்கை ட்ரெய்லர்) கட்டுகிறவர்கள் ஏசி என்றதும் முதலில் கேட்பது, "எத்தனை பி.டி.யு. வேண்டும்?" என்பதுதான். ஏசி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதன் அளவு அது. கேள்விக்குப் பதில் சுலபம். நாலடி அகலம், எட்டடி நீளம், நாலடி உயரம் என்ற வழக்கமான அளவில், பின்பக்கச் சமையல் மேடையைக் கழித்தால் படுக்கிற இடம் சுமார் 100 கன அடிதான் தேறும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மிகச் சிறிய விண்டோ ஏசியே 5,000 பி.டி.யு. அதாவது அரை டன்னுக்கும் குறைவு. அதுவே தாராளம்.

யோசிக்க வேண்டியது சூட்டைப் பற்றித்தான். 5,000 பி.டி.யு. ஏசி உள்ளிருந்து சுமார் 1,465 வாட் வெப்பத்தை எடுக்கிறது. அது தின்னும் 450 வாட் சொச்சம் மின்சாரமும் வெப்பமாகத்தான் முடியும். ஆக, பின்பக்கம் கிட்டத்தட்ட 1,900 வாட் வெளியே வருகிறது. 1,500 வாட் ரூம் ஹீட்டரைவிட அதிகமான இந்தச் சூட்டை எந்த வழியாக அனுப்பப் போகிறோம் என்பதை வைத்தே நான் ஒவ்வொரு ஏசியையும் எடைபோடுகிறேன்.

அந்த ஒரு விஷயத்தில் கூரைமேல் பொருத்தும் ஆர்.வி. (வீடுபோன்ற பயண வண்டி) ஏசிக்கு முழு மதிப்பெண். சூடான பாகம் முழுக்க வெளியில். கூரையில் 14 அங்குலச் சதுர ஓட்டை போட்டால் போதும். ஆனால் பரவலாகக் கிடைப்பது 13,500 பி.டி.யு., ஒரு டன்னுக்கும் மேல். இவ்வளவு சின்ன இடத்தை அது சில நிமிடங்களில் குளிரவைத்து நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே கிடைக்காது. கடலோரப் புழுக்கத்தில் சில்லென்ற, ஆனால் பிசுபிசுத்த படுக்கைதான் மிஞ்சும். வளைந்த மெல்லிய கூரைமேல் 35 கிலோவுக்குக் குறையாத பாரம் வேறு. டியர்டிராப்புக்கு இது வேண்டாம்.

உள்ளொன்று வெளியொன்றாக இரண்டு பாகமுள்ள மினி ஸ்பிளிட் ஏசியிலும் சூட்டுப் பிரச்சினை இல்லை. ஆனால் சாலை அதிர்வில் செம்புக் குழாய் இணைப்புகள் தளர்ந்து கேஸ் கசியும் அபாயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வண்டிக்கு யோசிக்கலாம்.

பெரும்பாலானோர் வந்து சேர்வது விண்டோ ஏசியிடம்தான். விலை குறைவு, பழுதானால் எந்த ஊரிலும் வேறொன்று வாங்கி மாட்டலாம். அதை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் படுக்கைக்கும் சமையல் மேடைக்கும் நடுவிலுள்ள தடுப்பில் ஓட்டை போட்டு, பின்பாகம் சமையல் பக்கம் இருக்கும்படி செருகிவிடுகிறார்கள். பின்கதவு திறந்திருக்கும்வரை நன்றாக ஓடும். மழைக்காகவோ கரடி நடமாட்டத்துக்காகவோ கதவைச் சாத்தினால், அந்த 1,900 வாட்டும் மூடிய பெட்டிக்குள் சுற்றும். கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் சூடேறித் தானாக நின்றுவிடும். கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றிரண்டை வைத்து டக்ட் வழியாக இழுக்கலாம் என்பார்கள். அந்தச் சின்ன ஃபேன்களால் இவ்வளவு காற்றைத் தள்ள முடியாது.

எடைக் கணக்கும் உண்டு. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் (காரோடு கோக்கும் கொக்கி) மேல் இறங்க வேண்டும். அடுப்பு, தண்ணீர், ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்கெனவே அச்சுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கேயே ஏசியையும் ஏற்றினால் முன்பக்கம் லேசாகி, நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும்.

அதனால் என் ஓட்டு, ட்ரெய்லரின் முன்பக்கம் இழுவைக் கம்பிமேல் வைக்கும் பெட்டியான டங் பாக்ஸுக்கு. ஏசியின் முகம் முன்சுவர் வழியாகக் கேபினுக்குள் பார்க்கும், உடம்பு பெட்டிக்குள் இருக்கும். இங்கே நுணுக்கம் ஒன்று உண்டு. விண்டோ ஏசி பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, பின்பக்கக் காயில் வழியாகச் சூடாக ஊதுகிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் கலந்தால், ஊதிய சூட்டையே அது மறுபடி இழுக்கும். காயிலின் விளிம்பைச் சுற்றி ஃபோம் பட்டை ஒட்டி, அதற்கு எதிரே உள்ள பெட்டிச் சுவரோடு இறுக்கமாகப் பொருந்தும்படி ஒரு தடுப்பு வையுங்கள். காயிலுக்கு நேரே, குறைந்தது அதே பரப்பில், வலை அடித்த வெளிவாசல். பக்கவாட்டுத் துளைகளுக்குப் பெட்டியின் இரு பக்கமும் தனி வாசல். அரை மணி நேரம் ஓடவிட்டு, பக்கவாட்டுத் துளையருகே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். வெளி வெப்பநிலையையே காட்டினால் தடுப்பு சரி. பத்து டிகிரி கூடுதலாகக் காட்டினால் எங்கோ ஒழுகுகிறது. காயிலில் சொட்டும் தண்ணீர் ஏசியின் பின்பக்கமாக வடிய, அந்தப் பக்கம் லேசான சாய்வும் வேண்டும்.

குழாய் வைத்த போர்ட்டபிள் ஏசியில், ஒற்றைக் குழாய் வகையைக் கேபினுக்குள் வைக்கவே வேண்டாம். உள்ளே குளிரவைத்த காற்றையே எடுத்துக் காயில் வழியாக வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து சூடும் ஈரமும் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் நுழையும். இரட்டைக் குழாய் வகை பரவாயில்லை. அதைவிட நல்லது, எந்திரத்தை வெளியே தரையில் வைத்து, இரண்டு குழாய்களைக் கேபினுக்குக் கொண்டுபோவது: ஒன்று குளிர்ந்த காற்றைத் தர, மற்றொன்று உள்காற்றைத் திரும்ப எடுக்க. ஒவ்வொரு முறையும் இறக்கி ஏற்ற வேண்டும். மழையில் நனையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் இருக்கும் முகாமில் மேற்சொன்ன விண்டோ ஏசிக்கு 15 ஆம்பியர் பிளக் போதும். பேட்டரி என்றால், 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியத்தில் சுமார் 1,280 வாட் மணி இருக்கிறது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடினால், இன்வெர்ட்டரில் வீணாவதும் போக, இரண்டரை மணி நேரத்துக்குமேல் வராது. ஜெனரேட்டர் என்றால், கம்ப்ரசர் கிளம்பும்போது சில மடங்கு கரண்ட் இழுக்கும்; 1,000 வாட் மாடல் திணறும், 2,000 வாட் தேவை. தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தத்துக்குத் தடை இருப்பதால், தூங்குகிற நேரத்தில் அதுவும் உதவாது. அரிசோனா, யூட்டா போன்ற வறண்ட இடங்களுக்கு மட்டும் போகிறவர்கள் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரும் ஒரு ஜன்னல் திறப்புமாகச் சமாளித்துவிடலாம். லூசியானாவில் அதே கூலர் புழுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

எந்த ஏசியைப் பொருத்தினாலும், அது உள்காற்றையே சுழற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இருவர் படுக்கும் இறுக்கமான பெட்டியில் கூரை வென்ட்டோ ஜன்னலோ கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் மாட்டுங்கள். ஜெனரேட்டரைக் குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வண்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். டங் பாக்ஸின் காற்று வாசல்கள் அது இருக்கும் திசையைப் பார்க்காதபடி வண்டியை நிறுத்துங்கள்.