ஸ்டோரேஜ் ரேக்குகளுக்கு எது ஏற்றது: உயர்த்தப்பட்ட தரையா, கான்கிரீட் தளமா?

கணினித் தரவைச் சேமிக்கும் வட்டுகளை ரேக்குகளில் (உயரமான உலோகச் சட்டகங்களில்) அடுக்கிய பெரிய வட்டுச் சேமிப்பகங்களை நிறுவ அறையைத் தயார் செய்வோர் பலரும் தரையைத் தேர்ந்தெடுப்பதிலேயே முதலில் தயங்குகிறார்கள். உயர்த்தப்பட்ட தரை என்பது, அடித்தளத்துக்கு மேலே தாங்கிகளின் மீது பலகைகளைப் பதித்து, கீழே வெற்றிடம் விட்டு அமைப்பது; கான்கிரீட் தளத்தில் ரேக்குகள் நேரடியாகவே நிற்கும்.

எடை: வட்டுகள் நிறைந்த ஒரு ரேக் 1,000 கிலோவைத் தாண்டக்கூடும். அவ்வளவு எடையும் சக்கரங்களின் சிறு பரப்பில் இறங்குவதால், உயர்த்தப்பட்ட தரையில் மொத்தத் தாங்குதிறனோடு, ஒரே புள்ளியில் விழும் சுமையையும், ரேக்கை உருட்டி வரும் வழியிலுள்ள ஒவ்வொரு பலகையின் வலிமையையும் கணக்கிட வேண்டும். அந்த வழியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், அதுவே ஆபத்தானது. கான்கிரீட் தளத்தில் இக்கவலை குறைவு. மேல்மாடியானால் கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதல் அவசியம்.

குளிரூட்டல்: உயர்த்தப்பட்ட தரை, துளைப் பலகைகள் வழியே குளிர்காற்றை ரேக்கின் முன்புறத்துக்கே தருகிறது, கேபிளுக்காக வெட்டிய இடைவெளிகளை அடைக்காவிட்டால் அக்காற்று வீணாகும். கான்கிரீட் தளத்தில் ரேக் வரிசையிலேயே குளிரூட்டியை வைக்கலாம். எதுவாயினும், உள்ளே செல்லும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது.

கேபிள்: உயர்த்தப்பட்ட தரையில் தரைக்கடியில் மறையும், கான்கிரீட் தளத்தில் தலைக்கு மேலுள்ள தட்டுகளில் செல்வதால் பழுது பார்ப்பது எளிது.

செலவு: கான்கிரீட் தளமே குறைவு.

தரைக்கடிக் குளிரூட்டல் ஏற்கெனவே உள்ள அறையில், கூடுதல் தாங்கிகளால் வலுவூட்டி அத்தரையையே பயன்படுத்தலாம். புதிதாகக் கட்டும் அறையில், எடைமிகுந்த ரேக்குகள் வரிசையாக வருமெனில், நான் கான்கிரீட் தளத்தையே பரிந்துரைப்பேன்.